மின்னணுப் பதிவுக்கு அரசு தரும் ஊக்கத்தொகை: டெல்டா மருத்துவமனைகளுக்குச் சில வார்த்தைகள்

முத்துப்பேட்டை, திருத்துறைப்பூண்டி பக்கமிருந்து வரும் சர்க்கரை நோயாளிகள் பழைய சீட்டுகளை மஞ்சப்பையில் வைத்திருப்பார்கள். 2018 கஜா புயலில் கூரையோடு அந்தப் பையும் போன வீடுகள் உண்டு. "என்ன மாத்திரை சாப்பிட்டீங்கம்மா?" என்றால், "வெள்ளையா, சின்னதா இருக்கும் சார்" என்பார்கள். ஆறு மாதத்துக்கு முன் கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) எவ்வளவு என்பது தெரியாமல் வலி மாத்திரை எழுதவே எனக்குத் தயக்கமாக இருக்கும்.

இதற்கு அரசு ஒரு வழி வைத்திருக்கிறது. 2020-ல் காரைக்காலை உள்ளடக்கிய புதுச்சேரி உட்பட ஆறு யூனியன் பிரதேசங்களில் முன்னோட்டம் பார்த்து, 2021 செப்டம்பரில், மருத்துவப் பதிவுகளைக் கணினி வழியே இணைக்கும் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் நாடு முழுக்க வந்தது. நோயாளியின் பதிவுகளை இணைக்க ஆபா என்ற 14 இலக்க எண். 2023 ஜனவரி 1 முதல் ஊக்கத்தொகையும் கொண்டுவந்தார்கள்: மருத்துவமனை, லேப், மென்பொருள் நிறுவனம் எதுவானாலும், ஆபாவோடு இணைத்த பதிவுகளின் எண்ணிக்கையைப் பொறுத்து 4 கோடி ரூபாய் வரை பெறலாம் என்று அறிவித்தார்கள்; இப்போது என்ன நிலை என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலில் அரசின் சுகாதார நிலையப் பதிவேட்டில் மருத்துவமனையைப் பதிந்திருக்க வேண்டும். நம் ஊர் நர்சிங் ஹோம்கள் பலவற்றுக்கு இது இன்னும் தெரியவில்லை என்பது வருத்தம்.

எண்ணிக்கைக்குப் பணம் என்பதில்தான் என் கவலை. அமெரிக்காவில் மருத்துவப் பதிவுகளைக் கணினிக்கு மாற்ற வந்த 2009 ஹைடெக் சட்டத்தின் கீழ், மெடிகேர் (முக்கியமாக முதியோருக்கான அரசுக் காப்பீடு) வழியாக ஒரு டாக்டருக்கு 44,000 டாலர் வரை கொடுத்தார்கள்; 2015 முதல் மின்னணுப் பதிவைப் பயன்படுத்தாதவர்களுக்குப் பிடித்தமும் செய்தார்கள். கம்ப்யூட்டர் எல்லா இடத்துக்கும் வந்தது. ஆனால் ஒரு மருத்துவமனையின் பதிவை இன்னொன்றின் மென்பொருள் படிக்க முடியாமல் பல வருடம் திண்டாடினார்கள். இங்கேயும் கிறுக்கல் சீட்டைப் படம்பிடித்து ஏற்றிவிட்டுக் கணக்குக் காட்டினால், நள்ளிரவில் தஞ்சாவூருக்கு அனுப்பப்படும் நோயாளிக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. மருந்தின் பெயர், அளவு, ஒவ்வாமை, முக்கிய ரத்தப் பரிசோதனை முடிவுகள், இவற்றையாவது தட்டச்சு செய்து ஏற்றுங்கள்.

நோயாளிகளுக்கும் சொல்ல வேண்டியது இருக்கிறது. ஆபா காப்பீட்டு அட்டை இல்லை; முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வேறு, இது வேறு. எடுப்பது உங்கள் விருப்பம், இல்லை என்பதற்காக யாரும் சிகிச்சையை மறுக்கக் கூடாது. உங்கள் பதிவை இன்னொரு டாக்டர் பார்க்க உங்கள் சம்மதம் வேண்டும். ஆதாரில் இருக்கும் போன் நம்பர் சிங்கப்பூரில் வேலை செய்யும் மகனுடையதா என்று முதலில் பாருங்கள், ஆதார் வைத்து ஆபா எடுத்தால் ஓடிபி அங்கேதான் போகும். கவுன்ட்டரில் அவசரத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் நம்பரைக் கொடுத்துவிடாதீர்கள். அப்புறம் உங்கள் நோய் விவரம் அவர் போனில் இருக்கும்.

மென்பொருள் வாங்கப்போகும் மருத்துவமனைக்காரர்கள் விற்பனையாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். டிஜிட்டல் மிஷனோடு ஏற்கெனவே இணைந்ததா? நாளைக்கு வேறு மென்பொருளுக்கு மாறினால் பழைய பதிவுகள் முழுவதையும் எடுத்துத் தருவார்களா? இரண்டாவது பதிலை எழுத்தில் வாங்கிக்கொண்டு பணம் கட்டுங்கள்.