மூட்டைக்குள் இருந்த மூட்டை

இலங்கையின் ஹட்டனுக்கு அருகே ஒரு தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொழுந்து எடைக் கணக்கு மென்பொருளை எழுதிக் கொடுத்தவன் நான். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துத் தராசு காட்டும் எடை, தொழிலாளியின் எண்ணோடு கணினியில் ஏறும். மாலையில் அதைத் தொழிலாளர் வேலைப் பதிவேடான செக்ரோலோடு ஒத்துப் பார்ப்பார்கள். அவ்வளவுதான் அதன் வேலை. 2021 டிசம்பர் 10ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, மென்பொருள்காரர்கள் எல்லோரும் 'லாக்4ஜே'யில் வெளிப்பட்ட ஓட்டையைப் பற்றியே பேசினார்கள். நான் அதைத் தொட்டதே இல்லை என்று நிம்மதியாக இருந்தேன்.

ஜாவா நிரலில் நடப்பதையெல்லாம் பதிவேட்டில் எழுதிவைக்கும் திறந்த மூல நூலகம் அது; அதாவது, யாரும் எடுத்துத் தம் நிரலில் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஆயத்த நிரல் தொகுப்பு. கணக்கப்பிள்ளையிடம் ஒரு பெயரைச் சொல்கிறோம். அவர் அதை எழுதாமல், பெயருக்குள் ஒளிந்திருக்கும் கட்டளையை எழுந்து போய் நிறைவேற்றினால் எப்படியிருக்கும்? லாக்4ஜே அதைத்தான் செய்தது. டாலர் குறியோடு தொடங்கும் ஒரு வரியைப் பெயர்க் கட்டத்தில் தட்டினால் போதும்: வெளியிலுள்ள ஏதோ ஒரு சேர்வரை அழைத்து, அங்கிருந்து வரும் நிரலை இயக்கிவிடும். ஆபத்துக்கான மதிப்பெண் பத்துக்குப் பத்து.

சந்தேகம் தீர, தொழிற்சாலைக் கணினியில் லாக்4ஜே கோப்பைப் பெயர் சொல்லித் தேடினேன். இல்லை. இருந்தும் இருந்தது! அறிக்கை அச்சிட நான் சேர்த்திருந்த நூலகம் இன்னொரு நூலகத்தை இழுத்து வந்திருந்தது. அது லாக்4ஜேயின் குறையுள்ள 2.14.1 பதிப்பைத் தன் மூட்டைக்குள் கட்டி வைத்திருந்தது. மூட்டையை அவிழ்க்காமல் வெளியே நின்று பெயர் சொல்லி அழைத்தால் யார் பதில் சொல்வார்கள்?

கொழும்பு ஏலத்துக்குப் போகும் தேயிலைக்குத் தோட்டத்தின் பெயர், ரகம், இன்வொய்ஸ் எண் எல்லாம் உண்டு. கலவை செய்பவர் எதில் எவ்வளவு சேர்த்தார் என்று குறித்து வைத்தால்தான், ஒன்றில் நாற்றம் வந்தால் எங்கே போனதென்று கண்டுபிடிக்க முடியும். மென்பொருளுக்கான அப்படிப்பட்ட குறிப்புதான் உள்ளடக்கப் பட்டியல்: நேரடியாகச் சேர்த்தவை, அவை இழுத்து வந்தவை, ஒவ்வொன்றின் பதிப்பு எண். அமெரிக்க அரசு 2021 மே மாத ஆணையில் இதை வலியுறுத்தியது. பட்டியல் இருந்தால், குறைபாடுகளின் பொதுத் தரவுத்தளங்களோடு கணினியே தினமும் ஒப்பிட்டுவிடும்.

ஒப்பிட்டால் எச்சரிக்கைகள் மழையாகக் கொட்டும். எல்லாவற்றுக்கும் ஓடுவது வீண் வேலை என்பது என் கருத்து. குறையுள்ள பகுதியை நம் நிரல் உண்மையில் அழைக்கிறதா, வெளியாள் அதைத் தொட வழியிருக்கிறதா, இப்போதே அதைக் கொண்டு தாக்குகிறார்களா? இந்த மூன்றையும் பார்த்தால் பெரும்பாலானவை நாளைக்குக் காத்திருக்கும். லாக்4ஜே காத்திருக்கவில்லை. வெளியே அழைக்கும் வேலையைச் செய்த அந்த ஒரே நிரல் கோப்பை மூட்டையிலிருந்து உருவி எறிந்துவிட்டுத்தான் அன்றிரவு தூங்கினேன். முதலில் வந்த திருத்தம் 2.15.0 போதவில்லை, 2.16, 2.17 என்று அந்த மாதம் முழுக்க மாற்றிக்கொண்டே இருந்தோம்.

2024 மார்ச் மாத இறுதியில் அடுத்தது வந்தது. தொலைவிலிருந்து சேர்வருக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் இணைப்பு அரை நொடி தாமதிப்பதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் என்ற மென்பொருள் பொறியாளர், 'எக்ஸ்இசட்' என்ற கோப்புச் சுருக்கும் கருவியில் யாரோ திட்டமிட்டு வைத்த கள்ள வழியைக் கண்டுபிடித்தார். கள்ள வழி இருந்த 5.6.0, 5.6.1 இரண்டும் அப்போதுதான் வெளியான புத்தம் புதுப் பதிப்புகள். எங்கள் உள்ளடக்கப் பட்டியலைத் திறந்தேன். எங்கள் சேர்வரில் பழைய 5.2.5.

"போன தடவை பழையது என்பதால் மாற்றினீர்கள், இந்த முறை பழையது என்பதால் தப்பினோமா, தம்பி?" என்றார் தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர். ஆமாம் என்றேன்.