‘தாங்கி’ இருந்த இடத்தில் ‘சகித்து’ எப்படி வந்தது?

போன மாதம் ஒரு வாலிபர் கூடுகையில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அப்பா இறந்து ஆறு மாதம்கூட ஆகாத ஒரு பையன், இருபத்திரண்டு வயதிருக்கும், எழுந்து நின்று, "அப்பாவுக்காக நாங்க எல்லாரும் ராத்திரி பகலா ஜெபம் பண்ணினோம். இப்போ ஜெபிக்க உட்கார்ந்தா யார்கிட்ட பேசுறேன்னே தெரியல" என்றான். யாரையும் குறை சொல்லவில்லை, சீண்டவில்லை, இவ்வளவுதான் சொன்னான். கூட்டத்தை நடத்திய அண்ணன் நல்ல மனிதர், அவனை விரட்டவில்லை, திட்டவும் இல்லை. எங்கள் பக்கம் திரும்பி, "இந்த மாதிரி சந்தேகம் உள்ளவங்களையும் நாம சகிச்சுக்கணும். சகிப்புத்தன்மைதான் கிறிஸ்தவ அன்பு" என்றார். பையன் உட்கார்ந்துவிட்டான். கையிலிருந்த பாட்டுத்தாளை மடித்தான், திரும்ப மடித்தான், தீப்பெட்டி அளவுக்கு வரும்வரை மடித்துக்கொண்டே இருந்தான். அடுத்த வாரம் அவன் வரவில்லை.

சகிப்புத்தன்மை என்ற இந்தச் சொல்லைச் சபைக்குள் கேட்டுக் கேட்டு எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. பிரசங்கத்தில் வருகிறது, ஞாயிறு பள்ளிப் பாடத்தில் வருகிறது, கமிட்டியில் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும்போது சமாதானம் பேச வருகிறவர் வாயிலும் வருகிறது. எல்லாரும் இதற்கு ஆதாரமாகக் காட்டும் வசனம், பவுல் அப்போஸ்தலன் எபேசு சபைக்கு எழுதிய நிருபத்தில் வரும் எபேசியர் 4:2. அந்த வசனத்தில் இந்தச் சொல் இல்லவே இல்லை. "மிகுந்த மனத்தாழ்மையும் சாந்தமும் நீடிய பொறுமையும் உடையவர்களாய், அன்பினால் ஒருவரையொருவர் தாங்கி" என்றுதான் நம் பழைய வேதாகமத்தில் இருக்கிறது. தாங்கி. வசனத்தைச் சரியாக வாசித்துவிட்டு, விளக்கம் சொல்லும்போது மட்டும் சகித்து என்று மாற்றிவிடுகிறார்கள்.

சொல்லின் பிறப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பவுல் எழுதிய கிரேக்கச் சொல் அனெகோமாய். அன என்றால் மேலே, எகோ என்றால் பிடி. விழாமல் தூக்கிப் பிடிப்பது, பொறுத்துக்கொள்வது இரண்டுக்கும் அந்தச் சொல் வரும். தாங்கு நம் சொந்தச் சொல், மலையாளத்திலும் இதே சொல்தான், இதே பொருள்தான். சகி வடமொழியின் ஸஹ் என்ற வேரிலிருந்து வந்தது. வேதகாலத்தில் அதற்கு மேற்கொள், வெல் என்று பொருள், பிற்பாடுதான் பொறுத்துக்கொள் என்று ஆனது. சகிப்புத்தன்மை, ஆங்கிலத்தின் டாலரன்ஸ் என்ற சொல்லுக்கு நாம் வைத்துக்கொண்ட பெயர். அதன் லத்தீன் மூலத்திலும் சுமத்தல் என்ற பொருள்தான் இருந்தது, ஆனால் ஐரோப்பாவில் மதச் சண்டைகளுக்குப் பிறகு அது அரசாங்கத்துச் சொல்லாகிவிட்டது. இங்கிலாந்தில் 1689-இல் ஒரு சட்டம் போட்டார்கள், டாலரேஷன் சட்டம் என்றுதான் அதற்குப் பெயர் நிலைத்தது. அரசின் திருச்சபையில் சேராத புராட்டஸ்டன்டுகள் தனியாகக் கூடி ஆராதிக்கலாம், தண்டனை கிடையாது, ஆனால் கத்தோலிக்கருக்கு அந்த அனுமதி இல்லை. அதாவது, உன்னை எனக்குப் பிடிக்கவில்லை, இருந்தாலும் இருந்துவிட்டுப் போ. அரசுக்கும் சட்டத்துக்கும் அது தேவைதான். ஒரு நாட்டில் பல மதத்தார் சேர்ந்து வாழ்வதைப் பற்றி எழுதும்போது சகிப்புத்தன்மை என்று எழுதினால் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

வடமொழி என்பதற்காகச் சொல்கிறேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கிருபையும் வடமொழிதான், விசுவாசமும் வடமொழிதான், இரண்டையும் நான் விடமாட்டேன். கிருபை என்று பாட்டி சொல்லிக் கேட்ட காதுக்கு வேறெந்தச் சொல்லும் அந்த இடத்தில் நிற்காது. சகி என்ற சொல் தமிழில் இன்றைக்கு என்ன சொல்கிறது என்பதுதான் என் கேள்வி. "பார்க்கவே சகிக்கல" என்கிறோம். எதை? அருவருப்பானதை. சகிக்க முடியாத நாற்றம், சகிக்க முடியாத பேச்சு. தாங்கு என்பதை அதேபோல எதிர்மறையாக்கிப் பாருங்கள்: "என்னால தாங்க முடியலம்மா." அதில் அருவருப்பே கிடையாது, பாரமும் துக்கமும்தான் இருக்கிறது. அப்புறம், "பிள்ளையைத் தாங்கு தாங்குன்னு தாங்குறா" என்கிறோமே, அங்கே தாங்குவது முழுக்க முழுக்கப் பாசம். "பிள்ளையைச் சகி சகின்னு சகிக்கிறா" என்று சொல்லிப் பார்த்தால் எப்படி இருக்கிறது? அந்தப் பையன் காதில் விழுந்தது இதுதான். "நீ ஒரு நாற்றம், நாங்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்" என்று அவனுக்குக் கேட்டிருக்கும். அண்ணன் அதைச் சொல்ல நினைக்கவில்லை, அவர் எடுத்த சொல் அதைச் சொல்லிவிட்டது.

"வேதாகமத்திலேயே சகி இருக்கிறதே, 1 கொரிந்தியர் 13:7-இல் ‘சகலத்தையும் சகிக்கும்’ என்று அன்பைப் பற்றித்தானே சொல்லியிருக்கிறது" என்று கேட்பார்கள். இருக்கிறது. அதே வசனம் "சகலத்தையும் தாங்கும்" என்று தொடங்கி "சகலத்தையும் சகிக்கும்" என்று முடிகிறது, ஏனென்றால் கிரேக்கத்தில் இரண்டும் வேறு வேறு சொற்கள். கடைசியில் வருவது ஹுப்போமெனோ, பாரத்தின் கீழேயே ஓடாமல் நிற்பது. அங்கே பொறுத்துக்கொள்வது வந்த துன்பத்தை. இன்னும் ஒரு சான்று இருக்கிறது, அதைக் கவனித்த நாளில் எனக்குப் பழைய மொழிபெயர்ப்பாளர்கள் மேல் மரியாதை இரட்டிப்பானது. 1 கொரிந்தியர் 4:12-இல் "துன்பப்பட்டு, சகிக்கிறோம்" என்று வருகிறது. அதன் மூலத்தில் இருப்பது எபேசியரில் உள்ள அதே அனெகோமாய்தான். ஒரே கிரேக்க வினை, ஆனால் எதிரே நிற்பது துன்பம் என்றால் சகிக்கிறோம் என்று எழுதியிருக்கிறார்கள், எதிரே நிற்பது உடன் விசுவாசி என்றால் தாங்கி என்று எழுதியிருக்கிறார்கள். கொலோசெயர் 3:13-இலும் "ஒருவரையொருவர் தாங்கி" என்றுதான் வருகிறது. 1871-இல் மிஷனெரி ஹென்றி பவர் ஐயரின் குழு திருத்தி முடித்த வேதாகமத்தின் வழி வந்ததைத்தான் இன்றும் வாசிக்கிறோம். அகராதியில் ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று தேடி ஒட்டுகிறவர்களுக்கு இந்த நுணுக்கம் வராது. தமிழ் பேசுகிற வீட்டில் எந்தச் சொல் எங்கே வரும் என்று தெரிந்திருந்தால்தான் வரும்.

மனிதர்களைச் சகிப்பது என்று அதே வேதாகமத்தில் வரும் ஓர் இடமும் உண்டு. 2 கொரிந்தியர் 11. "புத்தியில்லாதவர்களைச் சந்தோஷமாய்ச் சகித்திருக்கிறீர்களே" என்று பவுல் கேட்கிறார், அடுத்த வசனத்திலேயே "முகத்தில் அறைந்தாலும் சகித்திருக்கிறீர்களே" என்கிறார். அவர் அங்கே மெச்சவில்லை, கண்டிக்கிறார். இதை ஏன் இழுக்கிறேன் என்றால், அடிபட்டு அழுதுகொண்டு வரும் பெண்ணிடம் "சகிச்சுக்கிட்டுப் போம்மா, கர்த்தர் பார்த்துப்பார்" என்று சொல்லி அனுப்புகிறோமே, அந்த அறிவுரைக்கும் கிறிஸ்தவ அன்பு என்றுதான் பெயர் வைத்திருக்கிறோம். பவுல் கண்டித்த காரியத்தை நாம் அவர் பெயரிலேயே உபதேசிக்கிறோம். அந்தப் பெண்ணுக்குத் தாங்குவதற்கு ஆள் வேண்டும். சகித்துக்கொள் என்று சொல்லிவிட்டால் சபைக்கு வேலை முடிந்துவிடுகிறது, தாங்கு என்று சொன்னால் அப்போதுதான் சபைக்கு வேலை ஆரம்பிக்கிறது.

சரி, பொறு என்ற சொல் எப்படி? சில நண்பர்கள் "பொறையுடைமை" என்று சொல்லிப் பார்க்கிறார்கள், அழகான சொல்தான். "அகழ்வாரைத் தாங்கும் நிலம்போலத் தம்மை இகழ்வார்ப் பொறுத்தல் தலை" என்று வள்ளுவர் தாங்குவதையும் பொறுப்பதையும் ஒரே குறளில் வைத்திருக்கிறார். ஆனால் யாரைப் பொறுக்கச் சொல்கிறார்? இகழ்வாரை. பொறு என்றாலே எதிரில் ஒரு தவறு இருக்கிறது என்று ஆகிவிடுகிறது. "எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும்" என்று கத்தோலிக்கர் ஜெபிப்பதும் அதனால்தான். அந்தப் பையன் என்ன பாவம் செய்தான், நாம் பொறுப்பதற்கு? ரோமர் 14:1-ஐ எடுத்துப் பாருங்கள்: விசுவாசத்தில் பலவீனமுள்ளவனைச் சேர்த்துக்கொள்ளுங்கள், "ஆனாலும் அவனுடைய மன ஐயங்களைக் குற்றமாய் நிர்ணயிக்காமலிருங்கள்." மன ஐயம் என்று எவ்வளவு கனிவாக எழுதியிருக்கிறார்கள். சந்தேகம் என்றால் நமக்கு யாரையோ சந்தேகப்படுவது நினைவுக்கு வருகிறது, மன ஐயம் என்றால் ஒருவன் இரவில் தனியாக விழித்துக் கிடப்பது நினைவுக்கு வருகிறது. அதே நிருபம் 15:1-இல் "பலவீனருடைய பலவீனங்களைத் தாங்கவேண்டும்" என்று வருகிறது. மறுபடியும் தாங்குவதுதான்.

தாங்கு என்பதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது என்று என் நண்பர் ஒருவர் சொன்னார், அது நியாயமான சிக்கல். "அவன் அந்த ஆளைத் தாங்கிப் பேசுறான்" என்றால் அவன் கட்சியில் சேர்ந்துவிட்டான் என்று பொருள். அப்படியானால் கருத்து வேறுபட்டவனைத் தாங்கு என்றால் அவன் கருத்தை ஒத்துக்கொள் என்று ஆகிவிடாதா? ஒருவன் பேச்சைத் தாங்குவது வேறு, ஆளைத் தாங்குவது வேறு என்பதுதான் என் பதில். தென்மாவட்டத்துச் சாலைகளில் பழைய சுமைதாங்கிக் கல்லைப் பார்த்திருப்பீர்கள், நிறுத்தின இரண்டு கல், மேலே குறுக்கே ஒரு பலகைக்கல். வயிற்றில் பிள்ளையைச் சுமந்தபடியே இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டு வைப்பார்கள். தலைச்சுமையோடு வருகிறவர் அடுத்தவர் உதவியில்லாமல் அப்படியே நகர்த்தி இறக்கி வைக்கலாம், அந்த உயரத்துக்குத்தான் கல் நிற்கும். எங்கள் ஊர்ப் பாதையில் நின்ற கல்லின் மேல்பக்கம் மூட்டைகள் உரசி உரசி வழவழவென்று இருக்கும். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று அந்தக் கல் கேட்டதில்லை.

ஒத்துக்கொள்ளாமல் தாங்க முடியும் என்பதற்கு நம் கண்முன்னாலேயே தென்னிந்தியத் திருச்சபை இருக்கிறது. பல சபைகளை ஒன்றாக்க 1919-இல் தரங்கம்பாடியில் பேச்சு ஆரம்பித்து, 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி சென்னையில் ஒன்றானார்கள். இருபத்தெட்டு வருடம்! பேராயர் கைவைத்து அபிஷேகம் செய்யாத ஊழியரை ஊழியர் என்று ஏற்கலாமா கூடாதா என்பதில் ஆங்கிலிக்கன் சபையாருக்கும் மற்றவர்களுக்கும் தீராத வழக்கு. கடைசியில், இனிமேல் பேராயர்தான் அபிஷேகம் செய்வார், ஏற்கெனவே ஊழியராய் இருப்பவர்களை மறுபடி அபிஷேகம் செய்யாமல் அப்படியே ஏற்போம் என்று முடித்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த பேராயர் அசரியா 1919-இலிருந்தே அதற்காக உழைத்து, 1945-இல், ஒன்றான நாளைப் பார்க்காமலே இறந்துபோனார். அவரே 1910-இல் எடின்பரோவில் மிஷனெரிகள் கூடியிருந்த சபையில், ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தைச் சுட்டெரிக்கவும் கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று பேசினார். பணமும் உயிரும் கொடுத்தவர்களிடம் அதைக் கேட்கிறார். சகித்துக்கொள்ளப்பட்ட மனிதருக்குத்தான் அந்தக் குறை தெரியும்.

இப்போது வரும் மொழிபெயர்ப்புகளைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. எல்லாச் சொல்லுக்கும் பின்னால் ஒரு ‘தன்மை’யை ஒட்டிவிடுகிறார்கள். வினையாக இருந்தால் யாராவது அதைச் செய்ய வேண்டும், தன்மையாக்கிவிட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, இருந்தாலே போதும். "உடன்படாமைக்கு உடன்படுவோம்" என்று ஒரு பாடத்தில் பார்த்தேன், எந்த வீட்டில் எந்தத் தாத்தா இப்படிப் பேசினார்? "சரி, அதை விடு, சாப்பிட்டுட்டுப் போ" என்றுதான் சொல்வார்கள், அதில் இதைவிட அதிகக் கிருபை இருக்கிறது.

மாற்கு 9-இல் ஆவி பிடித்த தன் பிள்ளையோடு ஒரு தகப்பன் இயேசுவிடம் வருகிறான், "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" என்று கண்ணீரோடு சொல்கிறான். அதற்குக் கொஞ்சம் முன்னால் இயேசு, "எதுவரைக்கும் உங்களிடத்தில் பொறுமையாயிருப்பேன்" என்று கேட்டிருக்கிறார், அங்கேயும் அதே அனெகோமாய்தான். அவருக்கும் பாரமாகத்தான் இருந்திருக்கிறது. ஆனால் பாதி விசுவாசத்தோடு வந்த அந்த மனிதனை முழு விசுவாசத்தோடு வா என்று திருப்பி அனுப்பவில்லை. கீழே கிடந்த பிள்ளையின் கையைப் பிடித்துத் தூக்கினார்.

அடுத்த வருடத்துக்கான வாலிபர் பாடப் புத்தகம் ஒன்று திருத்துவதற்காக என்னிடம் வந்திருக்கிறது. பதினோரு இடத்தில் சகிப்புத்தன்மை. ஒன்பதை அடித்துத் தாங்குதல் என்று எழுதிவிட்டேன், சில இடங்களில் வாக்கியத்தையே வினைக்கு மாற்ற வேண்டியிருந்தது. அரசையும் சட்டத்தையும் பற்றிய பத்தியில் இரண்டை அப்படியே விட்டிருக்கிறேன். நாலாம் பாடத்தின் தலைப்பு "சகிப்புத்தன்மையுள்ள சபை" என்று இருந்தது, "ஒருவரையொருவர் தாங்கி" என்று வசனத்தையே போட்டிருக்கிறேன். முற்றுப்பெறாத தலைப்பாக இருக்கிறதே என்று அச்சகத்திலிருந்து கேட்டார்கள், அப்படியே இருக்கட்டும் என்றேன்.