கொம்பெட்டிட்டிவ் இன்டெலிஜன்ஸ்: தமிழில் என்னவென்று சொல்வது?

இலங்கையின் திருகோணமலையை அடுத்த உப்புவெளியில் சின்ன விடுதி ஒன்று நடத்தும் என் தங்கச்சி, தொழில் பயிற்சிக் கையேடு ஒன்றைக் கொண்டுவந்து ஒரு தலைப்பைக் காட்டினாள்: 'போட்டி நுண்ணறிவு'. "அண்ணா, இது அரசாங்க வேலைச் சோதனைக்குப் படிக்கிறதோ?" என்று கேட்டாள். அவளில் பிழையில்லை. நம் நாட்டில் போட்டிப் பரீட்சை என்றாலே நுண்ணறிவு வினாத்தாளும் கூடவே ஞாபகம் வரும். கொம்பெட்டிட்டிவ் இன்டெலிஜன்ஸ் என்ற ஆங்கிலப் பெயரைச் சொல்லுக்குச் சொல் மாற்றியதால் வந்த குழப்பம் இது.

இங்கே இன்டெலிஜன்ஸ் என்பது மூளைத்திறன் அல்ல. படைத்துறையில் வழங்குவதுபோல, முடிவெடுப்பதற்காகத் திரட்டிச் சரிபார்த்த செய்தி. பக்கத்துக் கடையின் விலை என்ன, வாடிக்கையாளர் ஏன் அங்கே போகிறார், அடுத்து யார் புதிதாக வரப்போகிறார் என்பதை நேர்வழியில் அறிந்து தொழிலுக்குப் பயன்படுத்துவது. அமெரிக்க வணிகத்துறைப் பேராசிரியர் மைக்கேல் போர்ட்டர் 1980இல் இதைப் பற்றி விரிவாக எழுதினார். 1986இல் அமெரிக்காவில் இத்துறையினருக்கென ஒரு சங்கமே அமைந்தது.

புலனாய்வு என்று போடலாமா? அகராதிப்படி சரிதான். ஆனால் திருகோணமலையில் அந்தச் சொல் காதில் விழுந்தால், வீட்டு வாசலில் யாரோ விசாரிக்க வந்து நிற்பதுபோல நெஞ்சு திடுக்கிடும். தொழில் செய்பவர்களுக்கு அதைக் கொடுக்க எனக்கு மனமில்லை.

ஒற்றரைப் பற்றி வள்ளுவர் 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார். ஒற்றுதல் என்றால் நெருங்கித் தொடுவது; வேர்வையை ஒற்றி எடுக்கிறோமே, அந்த ஒற்றுதான். ஒற்றர் ஒருவரையொருவர் அறியாதபடி வைத்து நடத்தி, மூவர் சொல் ஒத்துவந்தால் தெளியலாம் என்கிறது 589ஆம் குறள். இந்தத் துறைக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை. ஆனாலும் ஒற்று என்றால் மறைவும் கூடவே வருகிறது. இங்கே மறைவுக்கு இடமில்லை: அடுத்தவரின் தொழில் இரகசியத்தைக் களவாய் எடுப்பதற்கு எதிராக நம் நாட்டில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது.

இன்டெலிஜன்ஸின் இலத்தீன் மூலத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு வழி தெரிந்தது. 'இடையே' என்ற சொல்லும் 'பொறுக்கி எடு' என்ற சொல்லும் சேர்ந்தது அது. அட, நாங்கள் கீரை ஆய்கிறோம், மீன் ஆய்கிறோம்! வேண்டாததைக் கழித்து வேண்டியதை எடுக்கும் அந்த ஆய்தலில் இருந்துதான் ஆய்வும் வந்தது. அதோடு, மீன் சந்தையில் நாளும் புழங்கும் 'நிலவரம்' இருக்கிறது. இரண்டையும் சேர்த்தால் 'போட்டி நிலவர ஆய்வு'.

தங்கச்சி இதை எப்போதோ செய்துவிட்டாள். போன சீசனில் சுற்றியுள்ள விடுதிகளின் அறை வாடகையை ஒரு கொப்பியில் எழுதி வந்தாள். எல்லோரும் குறைக்கிறார்கள், அவளும் குறைக்கத்தான் நினைத்தாள். அப்புறம் அந்த விடுதிகளைப் பற்றி விருந்தினர்கள் இணையத்தில் எழுதியதை வாசித்தாள். வெவ்வேறு விடுதிகளில் தங்கிய மூன்று பேர் ஒரே குறையைச் சொல்லியிருந்தார்கள்: திமிங்கிலம் பார்க்க விடியற்காலையில் படகேறும்போது சாப்பிட எதுவும் கிடைக்கவில்லை. வாடகையை அவள் தொடவில்லை. பாண், அவித்த முட்டை, இரண்டு வாழைப்பழம் வைத்துப் பார்சல் கட்டி, ஐந்து மணிக்கே கையில் கொடுக்கத் தொடங்கினாள்.

கையேட்டின் தலைப்பை வெட்டி, புதுச் சொல்லைப் பென்சிலால் மேலே எழுதிக் கொடுத்தேன். "இதைத்தானே நான் கொப்பியில செய்தனான்" என்றாள்.