லினக்ஸ் நிறுவும் முன் விண்டோஸில் முடிக்க வேண்டிய வேலைகள்

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்தது. விண்டோஸ் 11 ஏற்காத பழைய மடிக்கணினி வைத்திருப்பவர்கள் லினக்ஸ் இயங்குதளங்களான மின்ட், உபுண்டு பக்கம் வருகிறார்கள். நல்ல முடிவு; 4 ஜிபி ராம் இருந்தாலே மின்ட் அன்றாட வேலைக்குப் போதும். ஆனால் நிறுவும்போது கோப்புகளைப் பறிகொடுத்தவர்களிடம் விசாரித்தால், தவறு பெரும்பாலும் லினக்ஸ் வருவதற்கு முன்பே நடந்திருக்கும்.

முதலில் பிட்லாக்கர், அதாவது வட்டைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதி. தங்கள் வட்டு பூட்டப்பட்டிருப்பதே பலருக்குத் தெரியாது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்த பல கணினிகளில் அது தானாகவே இயங்கியிருக்கும். பயாஸில் (கணினியின் அடிப்படை அமைப்புத் திரையில்) செக்யூர் பூட்டை (நம்பகமான மென்பொருளை மட்டுமே தொடங்கவிடும் காவலை) மாற்றிய மறுநிமிடம் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். எண் இல்லையென்றால் உள்ளே இருக்கும் படங்களும் ஆவணங்களும் போனது போனதுதான். எனவே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள். பிறகு அமைப்புகளில் குறியாக்கத்தை நிறுத்தி, அது முழுதாக முடியும்வரை காத்திருங்கள். முக்கியமான கோப்புகளுக்கு வெளி வட்டில் ஒரு நகலும் எடுங்கள்.

அடுத்து, கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை அணையுங்கள். அது இருக்கும்வரை விண்டோஸ் முழுமையாக மூடுவதில்லை, பாதித் தூக்கத்தில் நிற்கிறது. அந்த நிலையில் லினக்ஸிலிருந்து டி டிரைவைத் திறந்தால் படிக்க முடியும், எழுத முடியாது. 'வட்டு கெட்டுவிட்டது' என்று பலர் பயப்படுவது இதைப் பார்த்துத்தான்.

லினக்ஸுக்கான இடத்தையும் விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே ஒதுக்குங்கள். சி டிரைவைச் சுருக்கி 50 ஜிபியாவது காலியாக விடுங்கள். அந்தக் காலியிடத்தை ஃபார்மட் செய்யத் தேவையில்லை.

பென்டிரைவ் 8 ஜிபி போதும். லினக்ஸின் நிறுவல் கோப்பான ஐஎஸ்ஓவை அதில் வெறுமனே நகலெடுத்தால் பூட் ஆகாது. ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் என்ற மென்பொருள் கொண்டு எழுத வேண்டும். பதிவிறக்கிய கோப்பின் எஸ்எச்ஏ256 என்ற சரிபார்ப்பு எண்ணைத் தளத்தில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். பாதியில் அறுந்த பதிவிறக்கம் நிறுவலின் நடுவில்தான் காலை வாரும். கணினியைப் பென்டிரைவிலிருந்து தொடங்கச் சொல்லும் பூட் மெனுவுக்கு டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9 என்பது பரவலான வழக்கம்.

லைவ் முறையில் (நிறுவாமல் பென்டிரைவிலிருந்தே லினக்ஸ் ஓடும் நிலையில்) வந்ததும் நிறுவு பொத்தானுக்கு ஓடாதீர்கள். வைஃபை, ஒலி, டச்பேட், திரை வெளிச்சம் நான்கையும் சோதியுங்கள். வைஃபை வரவில்லையா? சில பிராட்காம் சிப்களுக்கு டிரைவர் தனியாகத் தேவை. கைபேசியை யூஎஸ்பி கேபிளில் இணைத்து டெதரிங் போட்டால் இணையம் கிடைக்கும். டிரைவரை அதன்வழி இறக்கிக்கொள்ளலாம்.

நிறுவியில் வட்டே தெரியாமல் போவதும் உண்டு. பெரும்பாலும் இன்டெல் ஆர்எஸ்டி என்ற வட்டு இணைப்பு முறைதான் காரணம். பயாஸில் அதை ஏஎச்சிஐ என்று நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையில் நிற்கும். முதலில் விண்டோஸை சேஃப் மோடில் திறக்கும்படி அமைத்துவிடுங்கள். பிறகு பயாஸில் மாற்றி, சேஃப் மோடில் ஒருமுறை உள்ளே போய், சேஃப் மோடில் திறக்கும் அமைப்பை நீக்குங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது வட்டைத் தேர்வு செய்யும் திரை. 'வட்டை அழித்து நிறுவு' என்பது விண்டோஸ், டி டிரைவ், மீட்புப் பகுதி எல்லாவற்றையும் துடைத்துவிடும். விண்டோஸும் வேண்டுமென்றால் 'அதனுடன் சேர்த்து நிறுவு' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கையால் பிரிப்பவர்கள் ஏற்கெனவே உள்ள இஎஃப்ஐ பகுதியை ஃபார்மட் செய்யவே கூடாது. விண்டோஸ் தொடங்குவதற்கான கோப்புகளும் அதில்தான் இருக்கின்றன.

செக்யூர் பூட் இயங்கும் கணினியில் என்விடியா போன்ற கூடுதல் டிரைவர் போட்டால் ஒரு கடவுச்சொல்லை அமைக்கச் சொல்லும். மறுதொடக்கத்தில் ஒரு நீலத்திரை வரும். அது பிழையல்ல. அங்கே 'என்ரோல் எம்ஓகே' என்பதைத் தேர்ந்து அதே கடவுச்சொல்லைக் கொடுங்கள். 'கன்டினியூ பூட்' அழுத்திவிட்டால் டிரைவர் வேலை செய்யாது.

நிறுவிய பிறகு விண்டோஸுக்குத் திரும்பினால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். லினக்ஸ் தாய்ப்பலகையின் கடிகாரத்தில் உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாக வாசிக்கிறது. உள்ளூர் நேரத்தையே பின்பற்றும்படி லினக்ஸை அமைத்தால் தீரும்.

தமிழ் தட்டச்சுக்கு மின்ட்டின் உள்ளீட்டு முறை அமைப்பில் தமிழைச் சேர்த்து, ஐபஸ் என்ற தட்டச்சு மென்பொருளைத் தேர்ந்து, ஒருமுறை வெளியேறி நுழையுங்கள். தமிழ்99 விசைப்பலகை அதிலேயே கிடைக்கும். பாமினியில் அடித்த பழைய ஆவணங்கள் இருந்தால், அந்த எழுத்துரு கோப்பையும் விண்டோஸிலிருந்து எடுத்து வையுங்கள். அது இல்லாமல் அவை வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும்.