வண்டி நிற்கும் அந்தப் பத்து நிமிடம்

ஆம்புலன்ஸ் ஊழியர் மீது கை வைப்பவர்களிடம் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். இதுவரை அவசரப் பிரிவு வாசலில் நின்று ஒவ்வொரு குடும்பத்திடமும் தனித்தனியாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். அந்த நேரத்தில் காதில் வாங்கும் நிலையில் யாரும் இருப்பதில்லை. அதனால்தான் எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் நலமாக இருக்கும்போது ஒருமுறை படித்துவிடுங்கள்.

சேலத்தில் ஒரு மருத்துவமனையின் அவசர சிகிச்சைப் பிரிவில் மருத்துவனாக இருக்கிறேன். ஏற்காட்டில் மிளகு பறிப்பு தொடங்கிவிட்டால் எங்களுக்கு வயிற்றைக் கலக்கும். காப்பித் தோட்டத்தில் நிழலுக்கு வளர்த்திருக்கும் சில்வர் ஓக் மரங்களில்தான் மிளகுக் கொடி ஏறியிருக்கும். மூங்கில் ஏணியைச் சாத்தி, இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறுவார்கள். பனி ஈரம் காயாத காலையில் மூங்கில் வழுக்கும். விழுந்தால் இருபது அடி, முப்பது அடி.

அப்படி விழுந்த ஒருவரை இந்தப் பருவத்தில் 108 கொண்டுவந்தது. (ஆள் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) கூட வந்த இஎம்டி (வண்டியில் வரும் அவசர மருத்துவ உதவியாளர்) தம்பி ஸ்ட்ரெச்சரைத் தள்ளியபடியே சொன்னார்: “சார், மரத்துல இருந்து விழுந்திருக்காரு, இருபத்தஞ்சு அடி இருக்கும். நினைவு தப்பல. வாந்தி இல்ல. கை ரெண்டும் நல்லா இருக்கு. கால் மரத்துப் போச்சுங்கறாரு. ஆனா கீழ கிடந்தப்பவே வலது கால் கட்டை விரல் லேசா அசைஞ்சது சார். இப்பவும் அசையுது, பாருங்க.”

பார்த்தேன். அசைந்தது.

அந்த விரல் அசைவுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் துறையில் இருப்பவர்களுக்குத் தெரியும். நரம்பு முழுவதும் போகவில்லை, இன்னும் காப்பாற்ற இடம் இருக்கிறது. தோட்டத்துச் சரிவில் தொடங்கி இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் தாண்டி, அடிவாரம், கோரிமேடு வழியாக எங்கள் வாசல் வரைக்கும் அந்த அசைவு போகாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். ஆனால் அந்தத் தம்பியின் சட்டையில் இரண்டு பொத்தான்கள் இல்லை. கன்னத்தில் விரல் பதிந்த தடம். கேட்டால், “விடுங்க சார், அவங்க பதற்றம்” என்றார். பைலட்தான் (ஆம்புலன்ஸ் ஓட்டுநரை அப்படித்தான் சொல்வோம்) விஷயத்தைச் சொன்னார். கழுத்துக்குக் காலர் மாட்டி, முதுகை நேராக வைக்கும் பலகையான ஸ்பைன் போர்டில் ஏற்றி ஸ்ட்ராப் போட்டுக்கொண்டிருந்தபோது உறவினர் ஒருவர், “என்னடா கட்டிக்கிட்டே இருக்க, வண்டிய எடுடா” என்று அறைந்திருக்கிறார்.

அடித்தவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். அவர் நம்பியது தப்பு. அதே தப்பைத்தான் நம்மில் பாதிப் பேர் நம்புகிறோம். ஆம்புலன்ஸ் என்றால் சைரன் போட்டு வேகமாக ஓடும் வண்டி, அது நின்றால் நேரம் வீணாகிறது என்ற நம்பிக்கை.

இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸ் உங்கள் இடத்துக்கு வந்து நின்ற நிமிடமே சிகிச்சை தொடங்கிவிட்டது. அடிபட்டவரை இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கினால் இடுப்பு தொய்ந்து முதுகு மடங்கும். உடைந்த எலும்புத் துண்டு நரம்பை நசுக்க அந்த ஒரு மடக்கல் போதும். விழுந்தபோது போகாத கால், தூக்கியபோது போய்விடும். தலை, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும்படி நான்கு பேர் சேர்ந்து ஒரே சமயத்தில் புரட்ட வேண்டும். தலையைப் பிடித்திருப்பவர்தான் கணக்குச் சொல்வார், மற்றவர்கள் அவர் சொன்ன பிறகே அசைக்க வேண்டும். சரிவான தோட்டத்தில், ஈர மண்ணில், சுற்றிலும் பத்துப் பேர் கத்தும்போது இதைச் செய்து பாருங்கள், அதற்கு எவ்வளவு நிதானம் வேண்டும் என்று தெரியும்.

காயத்தில் ‘பிளாட்டினம் பத்து நிமிடம்’ என்று ஒரு கணக்கு உண்டு. சம்பவ இடத்து வேலையை அதற்குள் முடித்துக் கிளம்ப வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தையும் எல்லோருக்கும் ஒரே மாதிரி செலவிட மாட்டார்கள். வயிற்றுக்குள் ரத்தம் கசிகிறது என்று சந்தேகம் வந்தால் அங்கே நிற்கக் கூடாது, அவருக்கு ஆபரேஷன் தியேட்டர்தான் வேண்டும், உடனே கிளம்பிவிடுவார்கள். இதயம் நின்றுபோனவருக்கு நேர்மாறு. கிடந்த இடத்திலேயே கெட்டியான தரையில் வைத்து நெஞ்சை அமுக்க வேண்டும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, குறைந்தது 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு. வளைவில் திரும்பும் வண்டிக்குள் நின்றுகொண்டு அந்த ஆழத்தைக் கொடுப்பது மிகவும் கடினம். எங்கே நிற்பது, எங்கே பறப்பது என்று முடிவெடுப்பது அவர்கள் படித்த படிப்பு. அதில் போய்க் கூட்டம் உத்தரவு போடுகிறது.

பிரசவத்திலும் இதே சண்டைதான். நாகலூர், மாரமங்கலம் பக்கத்திலிருந்து வலி எடுத்து வரும் பெண்களில் சிலருக்கு மலையை விட்டு இறங்குவதற்குள் தலை தெரிந்துவிடும். அப்போது பைலட் வண்டியை ஓரங்கட்டி நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி, பின்னால் வரும் வண்டிகளை ஒதுக்கிவிடுவார். உள்ளே இஎம்டி பிரசவம் பார்ப்பார். குழந்தையைத் துடைத்து, தாயின் நெஞ்சோடு சேர்த்துப் போட்டு, இருவரையும் மூடிப் போர்த்திய பிறகுதான் வண்டி நகரும். ஏற்காட்டுக் குளிரில் ஈரத்தோடு இருக்கும் பச்சைக் குழந்தையின் உடல் சூடு சட்டென்று இறங்கிவிடும், அந்தப் போர்வையே ஒரு மருந்து. அந்த நேரத்தில் வெளியே நின்று கதவைத் தட்டி “ஓட்டு, ஓட்டு” என்றால் எப்படி?

இன்னொன்று. சாலையோரம் உளறிக்கொண்டு கிடப்பவரைப் “போதை” என்று எல்லோரும் தாண்டிப் போவார்கள். இவர்கள் விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துச் சர்க்கரை பார்ப்பார்கள். தாழ்ந்திருந்தால் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். எங்களிடம் வரும்போது அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து வீட்டு நம்பர் சொல்லிக்கொண்டிருப்பார்.

முன்பு இதெல்லாம் இல்லை. மலைக் கிராமங்களில் கம்பில் தூளி கட்டித் தூக்கி வந்தார்கள், கிடைத்த ஜீப்பில் போட்டு வந்தார்கள். தமிழ்நாட்டில் 108 தொடங்கியது 2008 செப்டம்பரில்தான். வெளிநாட்டிலும் ரொம்பப் பழைய கதை இல்லை. அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் 1960-கள் வரை போலீஸ் வேனும் சவ ஊர்தியும்தான் நோயாளியை ஏற்றிக்கொண்டு போயின. 1966-ல் தன் மகளையே ஆஸ்துமாவுக்குப் பறிகொடுத்த மருத்துவர் பீட்டர் சஃபார், அடுத்த ஆண்டு உருவான ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ ஆம்புலன்ஸ் சேவையில், வேலையில்லாத கறுப்பின இளைஞர்களுக்கு முழுப் பயிற்சி கொடுத்து அனுப்பினார். அந்தப் பகுதியில் வளர்ந்த சாதாரணப் பிள்ளைகள் அவர்கள். இன்று உலகம் பாராமெடிக் என்று சொல்லும் தொழிலுக்கு முன்னோடிகள் ஆனார்கள். நம் நாட்டில் மேற்கு வங்கத்துத் தேயிலைத் தோட்டத் தொழிலாளி கரிமுல் ஹக்கைப் பாருங்கள். ஆம்புலன்ஸ் கிடைக்காமல் தாயை இழந்தவர், தன் பைக்கையே ஆம்புலன்ஸ் ஆக்கினார். 2017-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம் 108-ல் ஓடுகிறவர்களும் அப்படிப்பட்டவர்கள்தான். நர்சிங் படித்தவர், விலங்கியல் படித்தவர், பார்மசி படித்தவர் என்று வந்து, பயிற்சி எடுத்து, பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் நிற்கிறார்கள்.

அவர்களுக்குள்ளும் தலைவர்கள் உண்டு. எனக்குத் தெரிந்த சீனியர் இஎம்டி ஒருவர், புதிதாக வரும் பிள்ளைகளை முதலில் வண்டிக்குள் உட்காரவைத்து ஒவ்வொரு பொருளையும் தொட்டுக் காட்டச் சொல்வார். ஆக்சிஜன் சிலிண்டரில் எவ்வளவு இருக்கிறது, வாயில் தேங்கும் சளியையும் ரத்தத்தையும் உறிஞ்சும் சக்ஷன் இழுக்கிறதா, குழந்தைக்கு மூச்சுக் கொடுக்கும் ஆம்பு பேக் எந்தத் தட்டில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பார். இருட்டில் கையை விட்டால் அந்தப் பொருள் கையில் வர வேண்டும் என்பது அவர் கணக்கு. மலை வண்டி ஓட்டும் பைலட் ஒருவர் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் “திரும்பறேன்” என்று பின்னால் குரல் கொடுப்பார். நின்றுகொண்டு வேலை பார்க்கும் இஎம்டி கம்பியைப் பிடித்துக்கொள்ள அந்த ஒரு நொடி போதும். மலையில் நல்ல பைலட்டுக்கு அடையாளம் வேகம் இல்லை, உள்ளே இருப்பவரின் உடம்பு குலுங்காமல் பிரேக் போடுவது.

அப்புறம் எங்கள் பிரிவு நர்ஸ் அக்கா. வண்டி கிளம்பும்போதே தகவல் வந்துவிட்டால், வந்து சேர்வதற்குள் உயிருக்கு ஆபத்தானவர்களைப் பார்க்கும் சிவப்புப் பகுதியில் படுக்கை, ரத்தத்துக்கான ஏற்பாடு, சிடி ஸ்கேனுக்குச் சொல்லிவைப்பது எல்லாம் முடிந்திருக்கும். நாங்கள் மருத்துவர்கள் போய் நிற்கும்போது பாதி வேலை ஆகியிருக்கும். பெயர் போட வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார், போடவில்லை.

சரி, இனி நீங்கள் செய்ய வேண்டியது.

108-க்குக் கூப்பிட்டால் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். போன் எடுப்பவர் சென்னையில் இருக்கிறார், உங்கள் ஊர் மாரியம்மன் கோயில் அவருக்குத் தெரியாது. ஊர், தாலுகா, பக்கத்தில் பெரிய அடையாளம், எத்தனை பேர், மூச்சு இருக்கிறதா. “சீக்கிரம் அனுப்புங்க” என்று மட்டும் கத்திவிட்டு வைக்காதீர்கள். அதன் பிறகு போனை எடுக்காமல் இருக்காதீர்கள். வண்டியில் வருபவர்கள் வழி கேட்டுக் கூப்பிடுவார்கள். தோட்டத்துக்குள் என்றால் மெயின் ரோட்டுப் பிரிவில் ஒருவரை நிறுத்துங்கள். சிக்னல் இல்லாத இடத்தில் அதுதான் வழி. எஸ்டேட் நடத்துபவர்கள் ஒவ்வொரு நுழைவு கேட்டிலும் ஒரு எண் எழுதிவைத்தால் பெரிய உதவி.

உயரத்தில் இருந்து விழுந்தவரை அவசரப்பட்டு ஆட்டோவிலும் பிக்கப்பிலும் மடக்கிப் போடாதீர்கள். தண்ணீர் கொடுக்காதீர்கள். தூக்கி உட்காரவைக்காதீர்கள். ரத்தம் கொட்டினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடியுங்கள், எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள். “மூச்சு விடுறாரு, ரத்தம் நின்னுடுச்சு” என்றால் ஆம்புலன்ஸ் வரும்வரை அப்படியே இருக்கட்டும்.

எந்த மருத்துவமனை என்பதில் இஎம்டியோடு மல்லுக்கு நிற்காதீர்கள். பக்கத்தில் இருப்பதோ, உங்கள் மச்சானுக்குத் தெரிந்ததோ சரியான இடமாக இருக்க வேண்டும் என்று இல்லை. அந்த நேரத்தில் அங்கே ஸ்கேனும் அறுவை மருத்துவரும் இருக்க வேண்டும்.

கோடை விழாவுக்கு மலை ஏறுபவர்களுக்கு ஒரு கெஞ்சல். கொண்டை ஊசி வளைவில் காரை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். சைரன் கேட்டால் வளைவிலேயே பதறி நிற்காமல், நேரான இடம் வரை போய் ஒதுங்குங்கள். ஆம்புலன்ஸுக்கு வழி விடாவிட்டால் 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. அதே திருத்தம்தான் விபத்தில் நல்லெண்ணத்தோடு உதவுபவருக்குப் பாதுகாப்பும் கொடுக்கிறது. உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டும் என்ற பழைய பயத்தை விட்டுவிடுங்கள். நீங்களாகச் சொன்னால் ஒழிய உங்கள் பெயரைக்கூடக் கேட்டு வற்புறுத்தக் கூடாது.

செல்போனைக் கீழே வையுங்கள். நான்கு பேர் சேர்ந்து புரட்ட வேண்டிய இடத்தில் இஎம்டியும் பைலட்டும் இரண்டே பேர். மீதி இரண்டு பேர் நீங்கள்தான்.

ஏப்ரல் 2-ம் தேதி இஎம்டி தினம், மே 26-ம் தேதி பைலட் தினம். சேலத்தில் சால்வை போட்டு, கேக் வெட்டி, படம் எடுத்துக்கொள்வார்கள். நல்லதுதான், செய்யட்டும். ஏற்காட்டுத் தோட்ட உரிமையாளர்களுக்கும் மேஸ்திரிகளுக்கும் எனக்கு வேறு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. அடுத்த மிளகுப் பறிப்புக்கு முன்னால் ஒரு காலை, இவர்களை முறைப்படி அழையுங்கள். பறிக்கிற ஆட்களை நான்கு நான்கு பேராக நிறுத்தி, விழுந்தவரை எப்படிப் புரட்டுவது என்று அவர்களே சொல்லித்தரட்டும். அன்றைக்கு அந்தத் தொழிலாளர்களுக்குக் கூலியைப் பிடிக்காதீர்கள். வரும் இருவருக்கும் சாப்பாடு போட்டு அனுப்புங்கள், ஷிப்டில் அவர்கள் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததே குறைவு. போர்டும் காலரும் நான் கொண்டுவருகிறேன். தேதியை மட்டும் சொல்லுங்கள்.