சிவப்பு மூடி ஊசியும் மகன் அனுப்பிய இன்சுலினும்

கோத்தகிரிப் பக்கம் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். போன மார்கழியில் ஒரு நாள், கொழுந்து பறிக்கும் அம்மா ஒருவர் ஸ்வெட்டர் பைக்குள்ளிருந்து விரல் நீளக் கண்ணாடிக் குழாய் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். பேனா மாதிரிக் கருவியில் மாட்டிப் போடும் இன்சுலின் குழாய், பெயர் கார்ட்ரிட்ஜ். அம்மாவுக்கு நல்ல மருந்தாகப் போடட்டும் என்று கோவையில் வேலை பார்க்கும் மகன் வாங்கி அனுப்பியது. ஆனால் அதை மாட்டும் பேனாவை அனுப்பவில்லை.

"பழைய ஊசியிலயே உறிஞ்சி வழக்கம்போல பன்னெண்டு போட்டேன் தம்பி. பத்து மணிக்கெல்லாம் கை நடுங்கி, வேர்த்து ஊத்தி, காட்டுலயே உக்காந்துட்டேன்." கூடப் பறித்தவர்கள் டீயில் சர்க்கரையை அள்ளிப் போட்டுக் குடிக்க வைத்ததால் தப்பித்தார்.

நடந்தது இதுதான். நம்மூர் பாட்டில் இன்சுலினில் பெரும்பாலும் 1 மில்லிக்கு 40 யூனிட். கார்ட்ரிட்ஜில் 1 மில்லிக்கு 100. சிவப்பு மூடி ஊசியின் கோடுகள் 40க்கு மட்டுமே பொருந்தும். அதில் 12ஆம் கோடு வரை கார்ட்ரிட்ஜ் மருந்தை இழுத்தால் உடம்புக்குள் போவது 30 யூனிட். இரண்டரை மடங்கு! 100க்கான ஊசியின் மூடி ஆரஞ்சு நிறம்.

இதில் வேடிக்கை, மகன் வாங்கியதும் அம்மா ஏற்கெனவே போட்டுவந்த அதே 30/70 கலவைதான் (30 பங்கு சீக்கிரம் வேலை செய்யும் இன்சுலின், 70 பங்கு மெதுவாக வேலை செய்யும் இன்சுலின்). குழாய் மாறியது, விலை கூடியது, மருந்து மாறவில்லை.

விலையைப் பாட்டில் கணக்கில் பார்க்காதீர்கள், யூனிட் கணக்கில் பாருங்கள். 10 மில்லி பாட்டிலில் 400 யூனிட்; சாதா மனித இன்சுலின் (நம் உடம்பில் சுரப்பதைப் போலவே தயாரிப்பது) ஏறக்குறைய 150 முதல் 200 ரூபாய்க்குள் கிடைக்கும். யூனிட்டுக்கு 50 காசுக்கு மேல் ஆகாது. கிளார்ஜின் போன்ற நாள் முழுக்க வேலை செய்யும் வகையில் 300 யூனிட் கார்ட்ரிட்ஜ், கம்பெனியைப் பொறுத்து, 500 ரூபாயிலிருந்து 700 வரை போகும். யூனிட்டுக்கு ஏறத்தாழ 2 ரூபாய். இன்னும் நீண்ட நேரம் வேலை செய்யும் டெக்லுடெக் என்ற வகை இதற்கும் மேலே. பேனாவுக்கான ஊசிமுனை தனிச் செலவு. திறந்த மருந்து நான்கு வாரம்தான் என்பதால், நாளைக்கு 8 யூனிட் போடுகிறவர் பாட்டிலில் பாதிக்கு மேல் தீர்ப்பார், மீதியைக் கொட்டத்தான் வேண்டும்.

அப்படியானால் விலை கூடிய மருந்து வீணா? இல்லை. 30/70 கலவையில் மெதுவாக வேலை செய்யும் பங்காக உள்ள, கலங்கலான என்.பி.எச். இன்சுலினை ராத்திரி போட்டால் நடுச்சாமத்தில் அதன் வேகம் உச்சத்துக்குப் போகும். சிலருக்கு அந்நேரம் சர்க்கரை இறங்கிவிடும். கிளார்ஜினில் அந்த உச்சம் பெரிதாக இல்லை. அடிக்கடி ராத்திரியில் வேர்த்து விழிப்பவர், தனியாகக் குடியிருப்பவர், டைப் 1 (உடம்பில் இன்சுலினே சுரக்காத வகை) பிள்ளைகள் இவர்களுக்குக் கூடுதல் காசு கொடுக்கலாம் என்பேன். மற்றபடி டைப் 2 உள்ள பலருக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவில் பெரிய வித்தியாசம் வருவதில்லை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டு, நேரத்துக்குச் சாப்பிட்டால் 30/70 நன்றாகவே வேலை செய்யும். அரசு மருத்துவமனையில் அது இலவசம். 2022 தேசிய அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் கிளார்ஜினும் சேர்ந்திருக்கிறது. டாக்டரிடம் கேட்டுப் பாருங்கள். கடையில் நீங்களாக மாற்றி வாங்காதீர்கள், நானும் தரமாட்டேன்.

மலையில் இன்னொரு சங்கதி. பயன்பாட்டில் உள்ள பாட்டிலுக்கு இந்தக் குளிரில் ஃபிரிட்ஜ் தேவையில்லை. ஆனால் உறைபனி விழும் ராத்திரியில் ஜன்னல் திண்டில் வைத்தால் உறைந்துவிடலாம்; ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகினாலும் உதவாது. மேட்டுப்பாளையம் இறங்கும்போது நேர் எதிர். பஸ்ஸில் வெயில் படும் பக்கம் வைக்கவேண்டாம்.

அன்று சாயங்காலம் மகன் போன் செய்தார். "அந்தக் குழாயைத் திருப்பி எடுத்துக்குவீங்களாண்ணா?" ஸ்வெட்டர் பையில் சூடேறிக் கிடந்ததை யாருக்கு விற்பது? அம்மா அடுத்த வாரமே அரசு ஆஸ்பத்திரிப் பாட்டிலுக்குத் திரும்பிவிட்டார், அதே சிவப்பு மூடி ஊசியோடு.