சிப்செட்டின் பெயர் சொல்லாதவை

சொந்தமாகக் கம்ப்யூட்டரை உருவாக்குபவர்கள் மதர்போர்டு என்றதும் முதலில் சிப்செட்டின், அதாவது போர்டின் பாகங்களுக்கிடையே தகவலைக் கடத்தும் சில்லின், பெயரைத்தான் பார்க்கிறார்கள். உயர்ந்த சிப்செட் என்றால் கணினியும் வேகமாக ஓடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆனால் ஒரே பிராசசரையும் ஒரே ராமையும் பிராசசர் நிறுவனமான ஏஎம்டியின் பி650 சிப்செட் உள்ள ஒரு நல்ல போர்டில் பொருத்தினாலும், அதைவிட விலை கூடிய எக்ஸ்670 போர்டில் பொருத்தினாலும், அன்றாட வேலைகளில் வேறுபாடு தெரிவது அரிது.

ஒரு காலத்தில் தெரிந்தது. அப்போது சிப்செட் என்பது இரண்டு சில்லுகள். நார்த் பிரிட்ஜ் நினைவகத்தையும் கிராபிக்ஸ் கார்டையும் கவனித்துக்கொண்டது. சவுத் பிரிட்ஜ் ஹார்ட் டிஸ்க், யூஎஸ்பி போன்ற மெதுவான சங்கதிகளைப் பார்த்துக்கொண்டது. ராமில் இருந்து எதை எடுப்பதானாலும் நார்த் பிரிட்ஜ் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால், அந்தச் சில்லின் தரம் கணினியின் வேகத்தையே தீர்மானித்தது. 2003-இல் ஏஎம்டி தன் அத்லான் 64-இல் நினைவகக் கட்டுப்பாட்டுச் சுற்றைப் பிராசசருக்குள்ளேயே கொண்டுவந்தது. இன்டெல் 2008-இல் முதல் கோர் ஐ7-இல் அதையே செய்தது. கிராபிக்ஸ் கார்டுக்குத் தகவல் போய்வரும் பாதைகளான தடங்களும் பிறகு பிராசசருக்குள் போய்விட்டன. இன்று சிப்செட் என்று நாம் சொல்வது பெரும்பாலும் பழைய சவுத் பிரிட்ஜின் வாரிசைத்தான்.

அதன் வேலை பங்கிட்டுக் கொடுப்பது. ரைசன் 7000 வரிசையின் டெஸ்க்டாப் பிராசசரில் பிசிஐ எக்ஸ்பிரஸ் என்ற இணைப்பு முறையின் 28 தடங்கள் இருக்கின்றன. கிராபிக்ஸ் கார்டுக்கு 16, மற்ற 8 எம்.2 எஸ்எஸ்டி (போர்டில் நேரடியாகச் செருகும் தட்டையான சேமிப்பகம்) போன்றவற்றுக்கு, மிச்சம் 4 சிப்செட்டுக்கு. அந்த நான்கு தடங்களை வைத்துக்கொண்டுதான் கூடுதல் எம்.2 இடங்கள், சாட்டா (ஹார்ட் டிஸ்க்கைக் கம்பியால் இணைக்கும் முனை), யூஎஸ்பி, நெட்வொர்க் எல்லாவற்றையும் சிப்செட் சமாளிக்கிறது. எத்தனை வாய்க்கால் வெட்டினாலும் மதகு ஒன்றுதான். அந்த இணைப்பு பிசிஐ எக்ஸ்பிரஸின் நான்காம் தலைமுறை வேகத்தில் இயங்குவதால் ஒரு திசையில் நொடிக்கு ஏறத்தாழ 8 ஜிகாபைட் வரை போகலாம். வேகமான நான்காம் தலைமுறை எஸ்எஸ்டி ஒன்றே நொடிக்கு 7 ஜிகாபைட் படித்துவிடும்! சிப்செட்டுக்குப் பின்னால் அப்படி இரண்டைச் செருகி ஒரே நேரத்தில் படித்தால், இருப்பதை அவை பங்கிட்டுக்கொள்ள வேண்டியதுதான். ஆகவே வேகமான எஸ்எஸ்டியைப் பிராசசரோடு நேரடியாக இணைந்த எம்.2 இடத்தில் பொருத்துங்கள். எந்த இடம் எங்கே போகிறது என்பது போர்டின் கையேட்டில் இருக்கும். "இரண்டாவது எம்.2 இடத்தைப் பயன்படுத்தினால் சாட்டா 5, 6 செயல்படாது" என்பது போன்ற குறிப்பும் அங்கேதான் சிறிய எழுத்தில் ஒளிந்திருக்கும். பார்வைக்கு 16 தடங்கள் உள்ளதுபோல் நீளமாக இருக்கும் இரண்டாவது ஸ்லாட்டில் 4 தடங்கள் மட்டுமே இணைக்கப்பட்டிருப்பதும் சாதாரணம்.

சிப்செட் உண்மையிலேயே வேறுபடுத்தும் விஷயம் ஓவர்கிளாக்கிங், அதாவது பிராசசரை அதற்குக் குறித்த வேகத்தைவிட வேகமாக ஓட்டுவது. இன்டெல்லின் இசட்790 பிராசசரின் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கு எண்ணை மாற்ற விடும், பி760 விடாது. ஏஎம்டியில் பி650 விடும், ஏ620 விடாது. அந்த எண்ணமே இல்லாதவர் அதற்காகப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

மிச்சமாகும் பணத்தை நான் பிராசசர் அமரும் சாக்கெட்டைச் சுற்றியிருக்கும் மின்சுற்றில் போடச் சொல்வேன். பலரும் கவனிக்காத இடம் அது. பவர் சப்ளை தருவது 12 வோல்ட். பிராசசருக்கு வேண்டியதோ 1.2 வோல்ட் அளவில்தான். மின்னழுத்தத்தை இப்படிக் குறைக்கும் விஆர்எம் என்ற சுற்றிலுள்ள மாஸ்பெட்டுகள் என்ற மின்னணு சுவிட்சுகள் நொடிக்குப் பல லட்சம் முறை மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்புகின்றன. ஒவ்வொரு சுழற்சியிலும் பத்தில் ஒரு பங்கு நேரம் மட்டும் 12 வோல்ட்டைத் திறந்துவிட்டால் சராசரி 1.2 வோல்ட் ஆகிவிடுகிறது. அந்தத் துடிப்புகளைக் கம்பிச்சுருளும் கபாசிட்டரும் சீராக்குகின்றன. பிராசசர் 150 வாட் எடுக்கும்போது அந்தச் சுற்றில் 125 ஆம்பியர் பாய்கிறது. மின்னோட்டம் இரு மடங்கானால் மின்தடையால் எழும் வெப்பம் நான்கு மடங்காகும். அதனால்தான் சுமையைப் பல பேஸ்களாக, அதாவது ஒரே மாதிரியான துணைச் சுற்றுகளாக, பிரிக்கிறார்கள்: பத்துப் பேஸ்கள் இருந்தால் ஒவ்வொன்றும் 12.5 ஆம்பியரைத் தாங்கினால் போதும். பேஸ்கள் குறைந்து, மேலே வெப்பத்தை வெளியேற்றும் ஹீட்சிங்க்கும் இல்லாத போர்டில் பெரிய பிராசசரைப் பொருத்தினால், நீண்ட நேர வேலையின்போது அந்தச் சுற்று சூடேறும். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளப் போர்டு பிராசசரின் வேகத்தைக் குறைத்துவிடும். விலை உயர்ந்த பிராசசரை வாங்கி மெதுவாக ஓட்டுவது எத்தனை பெரிய நஷ்டம்!

வாங்கும்முன் இன்னும் இரண்டைச் சரிபார்த்துவிடுங்கள். டிடிஆர்4, டிடிஆர்5 ராம்களின் அடிவிளிம்பில் உள்ள வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்று மற்றதன் ஸ்லாட்டில் பொருந்தாது. சாக்கெட் பொருந்தினாலும், போர்டு தயாரான பிறகு வெளிவந்த பிராசசரை அதன் பயாஸ் (கணினியைத் தொடக்கிவைக்கும் போர்டின் மென்பொருள்) அடையாளம் காணாமல் போகலாம். பிராசசர் இல்லாமலேயே யூஎஸ்பி டிரைவ் மூலம் பயாஸைப் புதுப்பிக்கும் பொத்தான் சில போர்டுகளின் பின்பக்கத்தில் இருக்கிறது. கைவசம் வேறு பிராசசர் இல்லாதவர் அந்தப் பொத்தான் உள்ள போர்டையே தேர்ந்தெடுக்கலாம்.